முடி விட்ட தோல்

எந்த ஆணும் எங்கள் பிரிவுக்கு வந்து, முடி கொட்டுகிறது என்று நேராகச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அரிப்பு என்பார்கள். பொடுகு என்பார்கள். சும்மா ஒரு செக்கப் என்று தொப்பியைக் கழற்றாமலே நாற்காலியில் உட்காருவார்கள். கூட வந்த மனைவியோ அக்காவோ முழங்கையால் இடித்த பிறகுதான் விஷயம் வெளியே வரும். ஒருவர் கொட்டிய முடியைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துவந்து, அது தன் தம்பியின் முடி என்று சாதித்தார். தம்பியை அழைத்துவாருங்கள் என்று சொன்னோம். மறுவாரம் அவரே தம்பி பெயரில் சீட்டு எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

வேலூரில் ஒரு மருத்துவமனையின் தோல் பிரிவில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். போன மாதம் எங்கள் பிரிவுக்குப் புதுக் கேமரா ஒன்று வந்திருக்கிறது, வந்து பாருங்கள் சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். போனேன். தலையில் வைத்தால் எதிரே திரையில் ஒவ்வொரு முடியும் தென்னை மரம் மாதிரி தெரிகிறது. வேர் தெரிகிறது, அதன் பக்கத்தில் முளைக்கும் கன்று தெரிகிறது. முடியைத் தொடவே வேண்டாமாம். அங்கே இருந்த பிள்ளைகள், அந்தக் காலத்தில் வெறும் கையை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளித்தீர்கள், எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். அந்தக் காலம் என்று அவர்கள் சொன்னது எனக்கு நேற்றுதான். கோபம் வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கணியம்பாடிப் பக்கத்துப் பெண் நான். ஆபரேஷன் தியேட்டரில் நிற்க ஆசைப்பட்டேன், தோல் பிரிவில் போட்டார்கள். இரண்டு நாள் அழுதேன். உன் கையில் ஒட்டிக்கொள்ளாதா என்று அம்மா கேட்டாள். ஒட்டிக்கொள்ளவில்லை, வேலைதான் ஒட்டிக்கொண்டது.

எங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேர் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்துத் தோல் வேலைக்காரர்கள். கையில் வெடிப்பு, நகச் சொத்தை, மருந்துத் தண்ணீர் பட்ட புண் என்று வருவார்கள். முடிப் பிரச்சினையோடு வருகிறவர்கள் மட்டும் தனி ரகம். மற்ற ஊர் ஆண்களுக்கு முடி போனால் அழகு போச்சு என்று கவலை. இவர்கள் நாள் முழுக்கச் சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து முடி வழுக்கிக்கொண்டு வருவதைப் பார்க்கிறவர்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சீப்பில் தன் முடியைப் பார்த்தால் அவர்களுக்கு வேறு ஏதோ தோன்றும். அது என்னவென்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

ஒரு மழைக்காலத்தில் ஷூ கம்பெனி ஒன்றிலிருந்து மூன்று பேர் சேர்ந்து வந்தார்கள். மூவர் தலையிலும் காசு அளவுக்கு வட்ட வட்டமாக முடியில்லை. தூக்கத்தில் ஏதோ ஒன்று வந்து நக்கிவிட்டுப் போகிறது என்று கம்பெனி முழுக்கப் பேச்சாம். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தூங்குகிறார்களாம். இருவருக்கு வந்திருந்தது புழுவெட்டு. பெயர்தான் புழு, தலையில் புழு எதுவும் கிடையாது. உடம்பின் காவல் அணுக்களே ஆள் தெரியாமல் முடி வேரைத் தாக்குவதுதான் அது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. மூன்றாவது ஆளின் வட்டம் மட்டும் செதில் செதிலாக இருந்தது. இருட்டறைக்கு அழைத்துப் போனோம். எங்களிடம் ஊதா விளக்கு ஒன்று உண்டு. கதவைச் சாத்தி, கண் இருட்டுக்குப் பழகும்வரை பேசாமல் நின்று, பிறகு அதைப் போட வேண்டும். போட்டேன். அந்த ஆளின் தலையில் பச்சையாக ஒரு வட்டம் எரிந்தது. கூட வந்த இருவரில் ஒருவர் கதவைத் திறந்துகொண்டு ஓடியே போய்விட்டார். அது வீட்டுப் பூனைக்குட்டியிடமிருந்து வந்த ஒரு பூஞ்சைக் காளான். மாத்திரையில் போய்விட்டது. ஆனால் அந்தப் பச்சை வட்டத்தைப் பார்த்த நிமிஷத்தில் எனக்கும் முதுகு சில்லிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் பிரிவின் தலைவி லீலா மேடம். அதிகம் பேசாத பெண்மணி. ஒரு தலையைத் தொடுவதற்கு முன் வெந்நீரில் கையைக் கழுவி, துடைத்து, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். சில்லென்ற கை பட்டால் ஆள் சுருங்கிவிடுவான், அப்புறம் உண்மை வராது என்பார். பயப்படாதீங்க என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எதனால கொட்டுதுன்னு உங்களுக்குத் தோணுது?" போர் தண்ணீர், ஹெல்மெட், ஷாம்பு, மைத்துனன் வைத்த செய்வினை என்று எதைச் சொன்னாலும் சிரிக்காமல் கேட்பார். இரண்டு நெற்றிப் பொட்டும் ஏறி, உச்சியும் வெளுத்துக்கொண்டே போகும் சாதாரண வழுக்கைக்காரர்களிடம், இது உங்கள் அப்பாவோ தாய்மாமனோ கொடுத்த சொத்து, வேண்டாமென்று திருப்பிக் கொடுக்க முடியாது, மருந்து போட்டால் கொஞ்சம் மெதுவாகப் போகும் என்று உள்ளதைச் சொல்லிவிடுவார்.

அவர் எனக்குச் சொல்லித்தந்த வேலைதான் இழுத்துப் பார்ப்பது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றாலும் ஐம்பது அறுபது முடியைச் சேர்த்து அடியில் பிடிக்க வேண்டும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. ஒரே சீராக, மெதுவாக, நுனிவரை விரலை வழுக்கிக்கொண்டு வர வேண்டும். பக்கவாட்டில், உச்சியில், பின்மண்டையில் என்று இடம் மாற்றிச் செய்ய வேண்டும். கையோடு வந்ததை வெள்ளைத் தாளில் பரப்பி வேரைப் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு வந்தால் இயல்பு. கொத்தாக வந்தால் உள்ளே ஏதோ நடந்திருக்கிறது.

இப்போது தேவராஜ் கதைக்கு வருகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

தேவராஜ் ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் பச்சைத் தோல் தரம் பார்ப்பவர். நாற்பது தாண்டிய ஆள். உரித்த ஆட்டுத்தோல் உப்புப் போட்டு வந்து இறங்கும். அதை விரித்து, தடவி, முகர்ந்து, இது நல்லது இது கழிவு என்று பிரிப்பது அவர் வேலை. அவருடைய மனைவி மல்லிகாவும், கூட வேலை செய்யும் இப்ராஹிம் பாயும் அவரை அழைத்துவந்தார்கள். மாட்டேன் என்று அவர் எந்தத் தகராறும் செய்யவில்லையாம். வேனில் ஏறு என்றால் ஏறினார், இறங்கு என்றால் இறங்கினார் என்றார் பாய். உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்து, இரண்டு கையையும் உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு, இமைக்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் ஓர் ஈ உட்கார்ந்து நடந்தது. அவர் விரட்டவில்லை. சட்டைக் காலரில் வெள்ளையாக எதுவோ மின்னியது. பொடுகு என்று நினைத்து விரலால் தொட்டேன். கல் உப்பு.

மேடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அதற்குத் தேவராஜ் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். குரலில் துக்கம் இல்லை, பயம் இல்லை. சரக்கு வந்திறங்கிய கணக்கைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"நான் செத்து மூணு மாசம் ஆவுது மேடம். உப்பு போடறதுக்கு லேட் ஆயிடுச்சு. அதான் முடி விடுது."

மேடம் தலையை ஆட்டினார். எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் போய் அவர் தலையில் கை வைத்தேன். பொட்டு, உச்சி, பின்மண்டை, எல்லா இடத்திலும் முடி ஒரே மாதிரி மெலிந்திருந்தது. உப்பை வைத்துத் தேய்த்துத் தேய்த்து மண்டைத் தோல் சிராய்த்துச் சிவந்திருந்தது. முடியைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். என் விரலோடு ஒரு கொத்து வந்தது. இரண்டாம் இடத்திலும் வந்தது. அவர் வலிக்கிறது என்று முகம் சுளிக்கவில்லை. என் கையையே கவனித்துக்கொண்டிருந்தார், வேலை தெரிந்தவன் இன்னொருவன் வேலையைப் பார்ப்பதுபோல.

"தலையில இழுத்தா சரியா தெரியாது சிஸ்டர். அடிவயித்துல இழுங்க. அங்கதான் மொதல்ல விடும்," என்றார்.

என் கை நின்றுவிட்டது. பிறகுதான் இப்ராஹிம் பாய் விளக்கினார். தோல் மண்டியிலும் இப்படித்தான் சோதிப்பார்களாம். ஆடு செத்து, உப்புப் போட நேரமாகிவிட்டால் தோல் உள்ளுக்குள் அழுக ஆரம்பித்துவிடும். பார்வைக்குத் தெரியாது, வாடைகூட வராது. வயிற்றுப் பக்கத்து முடியைப் பிடித்து மெதுவாக இழுத்தால் கையோடு வந்துவிடும். அதற்கு முடி விட்ட தோல் என்று பெயர். அப்புறம் அதை என்ன செய்தாலும் தேறாது, கழிவில்தான் போட வேண்டும். நான் மருத்துவமனையில் கற்றுக்கொண்ட அதே மூன்று விரல், அதே மெதுவான இழுப்பு. அதைத் தேவராஜ் தன் தலையில் செய்து பார்த்திருக்கிறார். கொத்தாக வந்திருக்கிறது. தன் தொழில் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்.

இருட்டறையிலும் பார்த்துவிடலாம் என்றார் மேடம். ஆட்டுத்தோலில் புழங்குகிறவர், காளான் இல்லையென்று உறுதி செய்துகொள்ளத்தான். கதவைச் சாத்தி இருட்டில் நின்றோம். வெளியே அசையாமல் கிடந்த மனிதர், இருட்டில் நீளமாக ஒரு மூச்சு விட்டார். "இப்பிடித்தான் இருந்துச்சு," என்றார். என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. விளக்கைப் போட்டேன். தலையில் ஒன்றும் எரியவில்லை. பல்லும் சட்டைப் பட்டன்களும் மட்டும் நீலமாக மிதந்தன. அவசரமாகக் கதவைத் திறந்தேன்.

வராந்தாவில் மல்லிகா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தனியாக எல்லாவற்றையும் கொட்டினார். மூன்று மாதம் முன்பு தேவராஜுக்கு உண்ணிக் காய்ச்சல். என்ன காய்ச்சலென்று தெரிவதற்குள் முற்றி, வேலூரில் ஓர் இடத்தில் சேர்த்து, மூச்சுக் குழாய்வரை போய்விட்டது. கடைசியில், இனி செய்ய ஒன்றுமில்லை, மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். வேனில் ஆம்பூருக்குக் கொண்டுபோகும் வழியில் கூட வந்த உதவியாள் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறான். போன் பறந்தது. வீட்டு வாசலில் பந்தல் போட்டு, நாற்காலி இறக்கி, சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். வேன் வந்து நின்று, இறக்குவதற்காகக் காலைப் பிடித்தபோது கால் அசைந்தது. அப்படியே வண்டியைத் திருப்பி வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே இன்ன காய்ச்சலென்று கண்டுபிடித்துச் சரியான மருந்து கொடுத்ததும் ஆள் பிழைத்துக்கொண்டார்.

இதில் ஒரு வார்த்தைகூடத் தேவராஜுக்குத் தெரியாது என்றார் மல்லிகா. நினைவு வந்ததும், ரொம்பச் சீரியஸாக இருந்தது என்று மட்டும் சொன்னார்கள். பந்தல் போட்டதை யாரும் மூச்சுவிடக் கூடாது என்று தெருவுக்கே சொல்லிவைத்திருந்தார். இப்போது வாரக்கணக்காக அவர் சோறு தொடுவதில்லை. செத்தவனுக்கு எதற்குச் சோறு என்கிறாராம். பாயில் உப்பைப் பரப்பி அதன்மேல் படுக்கிறாராம். "விஷயம் தெரிஞ்சா அப்பிடியே போய்டுவாரு சிஸ்டர். உங்க கால்ல விழறேன், சொல்லிடாதீங்க."

இப்ராஹிம் பாய் அவ்வளவு நேரம் தூணோரம் நின்றிருந்தார். "அவனுக்குத் தெரியும்," என்றார்.

நம் ஊர் வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. ஆள் போய்விட்டான் என்று சேதி வந்த ஒரு மணி நேரத்தில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் அடித்துவிடுவார்கள். தேவராஜுக்கும் மண்டி ஆட்கள் அடித்துத் தெருமுனையில் கட்டிவிட்டார்கள். தோற்றம், மறைவு, தேதியெல்லாம் போட்டு, தலை நிறைய முடியோடு சிரிக்கும் படம். கால் அசைந்தது என்று தெரிந்ததும் ஒருவன் ஓடிப்போய் அதை அறுத்துச் சுருட்டிக்கொண்டான். எரித்திருக்க வேண்டும். ஆனால் கெட்டியான ஃபிளெக்ஸை யார் எரிப்பார்கள்? மண்டியில் உப்புக் குவியலுக்கு அடியில் ஈரம் ஏறாமலிருக்கக் குப்புற விரித்துவிட்டார்கள். தேவராஜ் உடம்பு தேறி வேலைக்கு வந்தார். ஒருநாள் குவியல் கரைந்து, ஓரத்து உப்பை அவர் வாரும்போது அடியில் ஷீட் புரண்டது. தன் முகத்தைப் பார்த்தார். கண்ணிலும் பல்லிலும் உப்பு ஒட்டிய தன் முகம், அதன் கீழே தன் சாவுத் தேதி. பாய் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம். தேவராஜ் அதைப் பழையபடி குப்புறப் போட்டு, மேலே உப்பைத் தள்ளிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அந்த வாரம்தான் முடி கொட்ட ஆரம்பித்தது.

மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அன்றைக்கே வார்டில் சேர்த்து டிரிப் போட்டோம். உடம்பில் நீர்ச்சத்தே இல்லை, இன்னும் சில நாள் விட்டிருந்தால் சிறுநீரகம் நின்றிருக்கும். மனநல மருத்துவரும் வந்து பார்த்து, இது மனச்சோர்வின் கடுமையான வடிவம், உப்பும் பட்டினியும் சேர்ந்து ஆளைக் கொன்றுவிடும் என்று சொல்லி மாத்திரை தொடங்கினார். டிரிப்பைத் தேவராஜ் தடுக்கவில்லை. வாயால் மட்டும் எதையும் தொடவில்லை. மாத்திரையைக்கூட மல்லிகா அழுது கெஞ்சிய பிறகுதான் விழுங்கினார்.

மறுநாள் காலை வார்டில் ஒரே கூச்சல். பக்கத்துக் கட்டிலில் மருந்து ஒவ்வாமையால் உடம்பெல்லாம் உரிந்துபோன பெரியவர் ஒருவர் கிடந்தார். தூங்கிக்கொண்டிருந்த அவர் தலைமாட்டில் தேவராஜ் போய் நின்று, மூன்று விரலால் முடியைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்திருக்கிறார். நோயாளிதானே, கொஞ்சம் முடி வந்திருக்கிறது. உடனே தன் சாப்பாட்டுத் தட்டில் மிச்சமிருந்த உப்புப் பொட்டலத்தைப் பிரித்து, அந்தப் பெரியவரின் தலையணையைச் சுற்றிப் பக்குவமாகத் தூவியிருக்கிறார். பெரியவரின் மகன் பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டிருந்தான். நான் தேவராஜின் தோளைப் பிடித்துத் திருப்பினேன். அவர் முகத்தில் அவ்வளவு கனிவு.

"இவருக்கு இப்பத்தான் ஆரம்பம். சீக்கிரம் உப்பு போட்டா தாங்குவாரு," என்றார்.

அன்று நான் மாத்திரைத் தட்டை எடுத்துக்கொண்டு எந்தக் கட்டிலுக்குப் போனாலும், பின்னாலிருந்து என் கொண்டையில் ஒரு கை வந்து விழும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. நடந்ததை மேடத்திடம் சொன்னேன். மேடம், தேவராஜையும் மல்லிகாவையும் பாயையும் பரிசோதனை அறைக்கு அழைத்து வாருங்கள் என்றார். சொல்லப்போகிறீர்களா மேடம் என்று கேட்டேன். "ஊரே சேர்ந்து மறைச்சா, அவர் நினைக்கறதுதான் நிஜம்னு ஆயிடும்," என்றார். மனநல மருத்துவரிடம் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டுத்தான் வந்திருந்தார்.

ஐவரும் உட்கார்ந்தோம். மல்லிகாவைச் சொல்லச் சொன்னார் மேடம். அவர் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, முடியாது என்று தலையாட்டினார். மேடம் காத்திருந்தார். அவரைப்போலக் காத்திருக்கத் தெரிந்த ஆளை நான் பார்த்ததில்லை. கடைசியில் மல்லிகா தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். வேன், உதவியாள், பந்தல், ஃபிளெக்ஸ். தேவராஜ் அசையவில்லை.

"தெரியும்," என்றார். "அதான் நானும் சொல்றேன்."

மேடம் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு அவர் தலையைத் தொட்டார். வந்த முடிகளை வெள்ளைத் தாளில் வைத்து, லென்ஸை அவர் கையிலேயே கொடுத்தார். முடி விட்ட தோலில் வரும் முடி எப்படி இருக்கும் என்று கேட்டார். அடியில் ஈரமாக, பிசுபிசுவென்று, தோலின் சவ்வு ஒட்டிக்கொண்டு வரும் என்றார் தேவராஜ். இது எப்படி இருக்கிறது என்றார் மேடம். தேவராஜ் லென்ஸ் வழியாகப் பார்த்தார். காய்ந்திருந்தது, அடியில் வெள்ளையாக ஒரு சின்னக் குமிழ். அவர் புருவம் சுருங்கியது. இரண்டு நாளில் அந்த முகத்தில் நான் பார்த்த முதல் சந்தேகம்.

மேடம் அப்புறம் சொன்னதை அவர் சொன்னபடியே தருகிறேன். "காய்ச்சல் வந்தப்போ உடம்புக்கு உயிரைப் பிடிச்சுவைக்கவே நேரம் போதல. முடி வளர்க்கற வேலையை அப்பவே நிறுத்திடுச்சு. அப்படி நின்ன முடி உடனே விழாது, ரெண்டு மூணு மாசம் அங்கேயே நிக்கும். அடியில புது முடி கிளம்பித் தள்ளும்போதுதான் விழும். பெரிய காய்ச்சல் வந்து பிழைச்ச நிறையப் பேருக்கு இப்படித்தான் கொட்டும், அப்புறம் தானா வளர்ந்துடும். செத்த தோல்ல பிடி விட்டுப்போய் விழுது. உங்க தலையில தள்ளிவிட்டு விழுது."

தேவராஜ் தாளிலிருந்த முடியை விரலால் புரட்டினார். "அப்போ முடி மட்டும்தான் செத்துச்சா?"

"ஆமா. முடி மட்டும்தான்."

அவர் நம்பிவிட்டார் என்று நான் நினைத்தேன். அவரோ மேடத்தைப் பார்க்காமல் இப்ராஹிம் பாயைப் பார்த்தார். அவர்கள் தொழிலில் ஒரு முறை உண்டாம். ஒருவர் கழித்த தோலில் சந்தேகம் வந்தால் அதை இன்னொருவர் கையில் கொடுப்பார்கள். இரண்டாவது ஆள் சொல்வதுதான் முடிவு, முதல் ஆள் அதற்குமேல் பேசக் கூடாது. தேவராஜ் தலையைக் குனிந்து பாயின் முன் நீட்டினார். பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. லென்ஸை வாங்கிக்கொண்டு எழுந்து ஜன்னல் வெளிச்சத்துக்கு அந்தத் தலையைத் திருப்பினார். நெற்றி ஓரத்தில் விரல் நகத்தளவு முளைத்திருந்த குட்டை முடிகளை மேடம் காட்டினார். பாய் ஒவ்வொன்றாக நுனியைப் பார்த்தார். கத்தரி பட்ட முடியின் நுனி மொட்டையாக இருக்கும்; இவை ஊசியாகக் கூர்ந்திருந்தன. இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். மறுபடி இழுத்தார். வரவில்லை.

"குட்டி முடிடா," என்றார். பிறந்து சில நாளே ஆன ஆட்டுக்குட்டியின் தோலில் இருக்கும் முடியை அவர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். "புதுசு. பிடி இருக்குது. கழிவு இல்ல."

தேவராஜின் உதடு துடித்தது. ஆனாலும் தலையைத் தூக்கி, இல்லை என்று மெல்ல ஆட்டினார். பிறகு அவர் பேசியதில்தான் உள்ளே என்ன கிடந்தது என்று எங்களுக்குத் தெரிந்தது.

"எனக்கு வேன்ல நெனவு இருந்துச்சு. கண்ணு திறக்க முடியல, இருட்டு. ஆனா இவ கொரல் கேட்டுக்கிட்டே வந்துச்சு. அழல. திட்டிக்கிட்டே வந்தா. மழைக்கு ஓட்டை ஷீட்டை மாத்தச் சொன்னேனே மாத்துனியா, பொண்ணு ஃபீஸுக்கு நான் யார்கிட்ட போய் நிப்பேன், இப்பிடி நடுரோட்ல உட்டுட்டுப் போறியேன்னு. பள்ளிகொண்டா டோல்கேட்ல வண்டி நின்னுச்சு. கெளம்பிச்சு. அதுக்கப்புறம் இவ கொரல் இல்ல. வண்டி ஓடற சத்தம் மட்டும்தான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவ பேச்சு நின்னு நான் பார்த்ததே இல்ல மேடம். அப்பவே தெரிஞ்சுபோச்சு, நான் போய்ட்டேன்னு."

மல்லிகா முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். முகம் வெளுத்திருந்தது. அவர் வேனில் திட்டிக்கொண்டு வந்தது அவரையும் வேன் டிரைவரையும் அந்த உதவியாளையும் தவிர யாருக்கும் தெரியாது. சாகக் கிடக்கிற மனிதனைத் திட்டினேன் என்று வெட்கப்பட்டு, அழுதுகொண்டு வந்ததாகத்தான் ஊரில் சொல்லியிருந்தார்.

"டோல்கேட்லதான் அந்தப் பையன் கையப் புடிச்சுப் பார்த்துட்டு முடிஞ்சுபோச்சுன்னான்," என்றார். "அதுக்கப்புறம் நான் பேசவே இல்ல. யார்கிட்ட பேசுவேன்?"

தேவராஜ் தன் மனைவியை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நீ நிறுத்திட்டியா?"

"ஆமா."

"நான் செத்ததால நிக்கலையா?"

மல்லிகா எழுந்து போய், கை ஓங்கி அவர் தோளில் ஓர் அடி வைத்தார். பிறகு திட்ட ஆரம்பித்தார். ஓட்டை ஷீட்டை இன்னும் மாத்தல, பொண்ணு பரீட்சை முடிஞ்சு இன்னா மார்க்குன்னு கூடக் கேக்கல, உப்பப் பூசிக்கிட்டு மூலைல கெடக்கறியே, உனக்கு வெட்கமா இல்லையா என்று குரல் உடைய உடையத் திட்டினார். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் அழுதேன், மறைக்கத் தோன்றவில்லை. தேவராஜ் இரண்டு கையையும் உடம்பிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தம்மா மூச்சு வாங்க நின்றபோதெல்லாம் அவர் பதறிப்போய் நிமிர்ந்தார். மறுபடி மல்லிகா பேச ஆரம்பித்த பிறகுதான் அவர் தோள் இறங்கியது. திட்டிக்கொண்டே மல்லிகா பையிலிருந்த பன்னைப் பிய்த்து அவர் வாயருகே நீட்டினார். அவர் வாயைத் திறந்தார்.